ரேமண்ட் கார்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ரேமண்ட் கார்வர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர், கவிஞர். 1938 மே 25 பிறப்பு, 1988 ஆகஸ்ட் 2 மறைவு. ஐம்பது வயது. மர மில் கூலி, ஆஸ்பத்திரித் துப்புரவு என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். இரண்டு முறை கோர்ட்டில் திவால் மனு கொடுத்தவர். குடியில் மூழ்கி, செத்துப் பிழைத்து, கடைசிப் பத்து வருடம் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தவர். நாவல் ஒன்றுகூட எழுதவில்லை. ஆனாலும் எழுபது, எண்பதுகளில் அமெரிக்கச் சிறுகதைக்கு மறுபடி உயிர் வந்தது இவரால்தான் என்று சொல்பவர்கள் நிறைய.

அவரைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள்: 'ஏன் இவ்வளவு சின்னதாக எழுதினார்?' அதற்கு ஒரு பதில் கிடையாது, மூன்று இருக்கின்றன. கீழே அங்கங்கே வரும்.

எங்கே வளர்ந்தார்? குடும்பம்?

பிறந்தது ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையிலுள்ள க்ளாட்ஸ்கனி என்ற மில் ஊர். வளர்ந்தது பக்கத்து மாநிலமான வாஷிங்டனில், யாக்கிமாவில். அப்பா ஆர்கன்சாவிலிருந்து பிழைக்க வந்தவர். மர அறுவை மில்லில் ரம்பங்களுக்கு அரம் போட்டுப் பல் தீட்டும் வேலை. மீன் பிடிப்பதில் பிரியம், குடியிலும்தான். அம்மா ஓட்டலில் பரிமாறுவார், இல்லாவிட்டால் கடையில் விற்பனைக்கு நிற்பார்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ரேமண்ட். பின்னாளில் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. எழுத்தாளன் ஆகப்போகிறேன் என்று மகன் சொன்னதும் அப்பா அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. உனக்குத் தெரிந்ததை எழுது, நாம் மீன் பிடிக்கப் போனதையெல்லாம் எழுது என்கிறார். எந்த எழுத்துப் பட்டறையிலும் இதைவிட நல்ல யோசனை கிடைத்திருக்காது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு சங்கதியும் உண்டு. அப்பாவின் இளவயதுப் புகைப்படத்தைப் பார்த்து எழுதிய கவிதை ஒன்றையும் அதில் சேர்த்திருக்கிறார். ஒரு கையில் கோத்த மீன்கள், மறு கையில் பீர் பாட்டில். கவிதை 'அக்டோபர்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. ஆனால் அப்பா இறந்தது 1967 ஜூனில். ஜூன் என்பது ஓரசைச் சொல், சட்டென்று முடிந்துவிடும்; கொஞ்சம் இழுபட்டு நிற்கும் சொல் தேவைப்பட்டது, அதனால் மாற்றினேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். செத்துப்போன அப்பாவின் மாதத்தையே ஓசைக்காக மாற்றிய ஆள். இவரையா 'பார்த்ததை அப்படியே எழுதுகிறவர்' என்கிறார்கள்!

கல்யாணம் சீக்கிரமே ஆகிவிட்டதாமே?

1957 ஜூனில். அவருக்கு 19, மேரியன் பர்க்குக்கு 16. அதே டிசம்பரில் மகள் பிறந்தாள், அடுத்த ஆண்டு அக்டோபரில் மகன். இருபது வயதில் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், கையில் நிலையான வேலை இல்லை. 'இனி எல்லாம் சரியாகிவிடும்' என்று ஊர் ஊராகப் பெட்டி கட்டிய வாழ்க்கை அங்கே தொடங்கியதுதான். அந்த ஊர்களை எண்ணி முடிக்க முடியாது.

ஏன் நாவல் எழுதவில்லை?

முதல் பதில்: நேரம் இல்லை.

இதை அவர் ஒரு கட்டுரையில் ஒரு காட்சியாகவே காட்டுகிறார். அறுபதுகளின் நடுப்பகுதி, அயோவா சிட்டி. காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. மனைவி பரிமாறும் வேலைக்குப் போயிருக்கிறார். இவர் ஐந்தாறு கூடை துணியோடு நிற்கிறார், பெரும்பாலும் குழந்தைகளின் துணி. துவைத்தாகிவிட்டது, உலர்த்தும் இயந்திரம்தான் காலியில்லை. அரைமணி நேரக் காத்திருப்பு. குழந்தைகளை வேறொரு வீட்டிலிருந்து கூட்டிவர நேரமாகிறது. ஒரு இயந்திரம் சுற்றி நிற்கிறது. ஆள் வராவிட்டால் உள்ளே இருப்பதை எடுத்து வெளியே வைத்துவிட்டு நம் துணியைப் போட்டுக்கொள்ளலாம், அதுதான் கடை வழக்கம். கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறார். அந்த நொடியில் ஒரு பெண் வந்து, கையை உள்ளே விட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்து, ஈரம் போகவில்லை என்று இன்னும் இரண்டு காசு போட்டுவிட்டுப் போகிறார்.

நடந்தது அவ்வளவுதான். இவருக்குக் கண்ணில் நீர் முட்டுகிறது. இந்த இரண்டு குழந்தைகளின் பொறுப்பைவிடப் பெரிதாக எதுவும் தன் எழுத்தைத் தீர்மானிக்கப் போவதில்லை என்பது அங்கே ஈரத்துணிக் கூடையோடு நிற்கும்போது உறைக்கிறது. நாவல் எழுத, நாளையும் இதே உலகம் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். வாடகைக்கே வழியில்லாதவனுக்கு அது எங்கிருந்து வரும்? ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதக்கூடியது, எழுதியதும் காசு வரக்கூடியது எதுவோ அதுதான் எழுத முடியும். கதையும் கவிதையும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகும் வீட்டில் இடமில்லாமல், வெளியே நின்ற காருக்குள் உட்கார்ந்து மடியில் தாளை வைத்து எழுதியிருக்கிறார்.

அந்தக் கட்டுரையில் பிள்ளைகள் மேல் ஒரு கசப்பு இருக்கிறது. படிக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மறைக்காமல் எழுதியதால்தான் அது இன்றும் பேசப்படுகிறது.

எழுத யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஜான் கார்ட்னர். பின்னாளில் பெயர் பெற்ற நாவலாசிரியர். 1950களின் கடைசியில் கலிபோர்னியாவின் சிக்கோ கல்லூரியில் ஆசிரியராக இருந்தார், அதுவரை அவருக்குப் புத்தகம் எதுவும் வெளியாகியிருக்கவில்லை. எழுத இடமில்லை என்று தெரிந்ததும் தன் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். சனி, ஞாயிறுகளில் கார்வர் அங்கே போய் உட்கார்ந்து எழுதுவார். எழுதாத நேரத்தில் அறையிலிருந்த கார்ட்னரின் கையெழுத்துப் பிரதிகளைத் திருட்டுத்தனமாகப் புரட்டியதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

பதினைந்து சொல்லில் சொல்ல முடிவதற்கு இருபத்தைந்து சொல் செலவழிக்காதே என்பது கார்ட்னரின் பாடம். பிற்பாடு அவருடைய எடிட்டராக வந்த கார்டன் லிஷ் அதே பாடத்தை இன்னும் முறுக்கினார்: பதினைந்து எதற்கு, ஐந்து போதும். கார்வர் இதை ஒரு நேர்காணலில் சிரித்துக்கொண்டே சொல்வதுபோலத்தான் சொல்கிறார். ஆனால் அவருடைய வாழ்க்கையின் பெரிய சண்டை முழுவதும் அந்த பதினைந்துக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் நடந்தது.

குடி எவ்வளவு தூரம் போயிற்று?

உயிர் போகிற தூரம். அறுபதுகளின் கடைசியில் கூடிக்கொண்டே வந்து, எழுபதுகளில் எழுத்தையே நிறுத்திவிட்டது. 1967-ல் முதல் திவால், 1974-ல் இரண்டாவது.

1973 இலையுதிர்காலத்தில் அயோவா எழுத்துப் பட்டறையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே உடன் வேலை பார்த்தவர் எழுத்தாளர் ஜான் சீவர். அவர் அப்போதே பெரும்புகழ் பெற்றவர், குடியிலும் குறைந்தவரல்ல. இருவரும் அந்தப் பருவத்தில் டைப்ரைட்டரின் உறையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டோம் என்று கார்வர் சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை கார்வருடைய காரில் மதுக்கடைக்குப் பயணம், கடை திறக்கிற நேரத்துக்குச் சரியாக. சீவர் 1975-ல் குடியை விட்டார். அவர் இறந்த பிறகு கார்வர் அவருடைய ஒரு கதை முடிந்த இடத்திலிருந்து தொடரும் கதை ஒன்றை எழுதி அவருக்கே காணிக்கையாக்கினார்.

1976, 77-ல் கார்வர் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியிலும் மறுவாழ்வு மையத்திலும் கிடந்தார். 1977 ஜூன் 2 முதல் குடிக்கவில்லை. வாழ்க்கையில் மற்ற எதைவிடவும் இதற்காகத்தான் பெருமைப்படுகிறேன் என்று பிறகு சொன்னார். கதையைவிட, பரிசைவிட.

மேரியனை மறந்துவிட்டார்களே?

ஆமாம், நியாயமே இல்லை. பரிமாறினார், வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்றார், படித்துப் பள்ளி ஆசிரியையானார், பல வருடம் குடும்பத்தை இழுத்தார். கார்வர் கதைகளின் பல சம்பவங்களுக்கு விதை அந்த வீட்டில்தான் விழுந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு விருந்தில் குடிவெறியில் கார்வர் பாட்டிலால் அடித்ததில் மேரியனுக்குக் காதருகே ரத்தக்குழாய் அறுந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. 'ஏழை எழுத்தாளரின் போராட்டம்' என்று உருகும்போது இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1982-ல் மணமுறிவு. 2006-ல் மேரியன் தன் பக்கத்து நினைவுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். கோபத்தைவிடப் பிரியம் அதிகமாகத் தெரியும் புத்தகம். எனக்கு அது ஆச்சரியம்தான்.

கார்டன் லிஷ் விவகாரம் என்ன? கதைகளை எழுதியது கார்வர்தானா?

எழுதியது கார்வர்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் 1981-ல் அச்சான வடிவத்தைப் பற்றிக் கேட்டால் பதில் நீளும்.

1967-ல் கார்வருக்குப் பாலோ ஆல்டோவில் பாடப்புத்தகக் கம்பெனி ஒன்றில் எடிட்டர் வேலை கிடைத்தது. அது அவருடைய முதல் ஆபீஸ் வேலை. எதிர்ச்சாரியில் இன்னொரு பாடநூல் நிறுவனத்தில் இருந்தவர் லிஷ். பழக்கமானார்கள். 1969-ல் லிஷ் 'எஸ்க்வயர்' பத்திரிகையின் கதைப் பகுதி ஆசிரியராகி நியூயார்க் போனார். 1971-ல் கார்வரின் 'நெய்பர்ஸ்' கதையை அதில் வெளியிட்டார். பல வருடம் சிறுபத்திரிகைகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தவருக்குப் பெரிய கதவு திறந்தது அப்போதுதான். 1976-ல் முதல் தொகுப்பு 'வில் யூ ப்ளீஸ் பீ கொயட், ப்ளீஸ்?' வந்ததிலும் லிஷ்தான் முன்னால் நின்றார். அதையெல்லாம் மறந்துவிட்டு லிஷை வில்லனாக்குவது சுலபம், சரியல்ல.

லிஷ் பிறகு நாஃப் பதிப்பகத்துக்கு மாறினார். குடியை விட்ட பிறகு எழுதிய, சீர் செய்த கதைகளின் பிரதியை 1980-ல் கார்வர் அவரிடம் கொடுத்தார். திரும்பி வந்தது பாதிகூட இல்லை. சில கதைகளில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் போயிருந்தது. தலைப்புகள் மாறியிருந்தன, முடிவுகள் மாறியிருந்தன, பாத்திரங்கள் பேசிய நீண்ட பேச்சுகள் காணாமல் போயிருந்தன. 'பிகினர்ஸ்' என்று அவர் பெயர் வைத்த கதைதான் 'வாட் வீ டாக் அபவுட் வென் வீ டாக் அபவுட் லவ்' ஆயிற்று. இன்று உலகமே திருப்பித் திருப்பி நகல் எடுக்கும் அந்தத் தலைப்பு லிஷ் வைத்தது.

1980 ஜூலை 8 காலையில் கார்வர் லிஷுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இரவு முழுக்கத் தூக்கமில்லை. அச்சை நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிறார். மூலக் கதைகளை நண்பர்கள் பலர் படித்திருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? குடியிலிருந்து மீண்டதும் இந்தக் கதைகளும் பின்னிக் கிடக்கின்றன, இது உடைந்தால் நானும் உடைந்துவிடுவேன். இந்தத் தொனியில் போகிறது கடிதம். இரண்டே நாளில் இன்னொரு கடிதம், அதில் குரல் தணிந்துவிட்டது. சின்னச் சின்னத் திருத்தங்களை மட்டும் கேட்கிறார். புத்தகம் 1981-ல் லிஷ் வெட்டிய வடிவத்திலேயே வந்தது, கொண்டாடப்பட்டது.

அந்த இரண்டு நாட்களில் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இரண்டு முறை திவாலானவன், குடி விட்டு மூன்று வருடம்தான் ஆகிறது, பெரிய பதிப்பகம் புத்தகம் போடுகிறது, தன்னைத் தூக்கிவிட்டவர்தான் எடிட்டர். 'முடியாது' என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும்? ஆக, சின்னதாக எழுதியதற்கு இரண்டாவது பதில் இது: அடுத்தவர் கத்தரிக்கோல்.

லிஷின் காகிதங்கள் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்துக்குப் போயின. 1998-ல் டி. டி. மேக்ஸ் அவற்றைப் பார்த்துவிட்டு நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் எழுதியதும் விஷயம் ஊரறிந்தது. 2009-ல் வெட்டாத கதைகள் 'பிகினர்ஸ்' என்ற பெயரிலேயே புத்தகமாயின.

எந்த வடிவம் நல்லது?

ஒரு கதையை வைத்தே பேசலாம். தாய் ஒருத்தி மகனின் எட்டாவது பிறந்தநாளுக்குக் கேக் சொல்லி வைக்கிறாள். பிறந்தநாள் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் பையனைக் கார் இடிக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். கேக் வாங்க ஆள் வராத எரிச்சலில் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறார், யாரென்று சொல்லாமல்.

லிஷ் வெட்டிய வடிவம் 'தி பாத்'. அதில் அம்மா வீட்டுக்குக் குளிக்க வருகிறாள், போன் அடிக்கிறது, எடுக்கிறாள், பையனைப் பற்றித்தான் என்கிறது குரல். கதை அங்கேயே அறுந்துவிடுகிறது. பேசியது ஆஸ்பத்திரியா பேக்கரியா, பையன் இருக்கிறானா இல்லையா, எதுவும் தெரியாது. முதுகு சில்லிடும்.

கார்வரின் மூலத்தில், 'அ ஸ்மால், குட் திங்' என்ற பெயரில், பையன் இறந்துவிடுகிறான். போன் செய்வது யாரென்று தாய்க்குப் பொறி தட்டுகிறது. நள்ளிரவில் புருஷனும் பெண்டாட்டியும் கொலைவெறியோடு பேக்கரிக்குப் போகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த ஆள் இடிந்துபோகிறார். மேசையைத் துடைத்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார். அடுப்பிலிருந்து இறக்கிய சூடான இலவங்கப்பட்டை ரொட்டியை எடுத்து வைத்து, சாப்பிடுங்கள், இப்படிப்பட்ட நேரத்தில் சாப்பிடுவது நல்லது என்கிறார். பிள்ளை இல்லாத தன் தனிமையைச் சொல்கிறார், ஊருக்கெல்லாம் விசேஷக் கேக் செய்து கொடுத்த வருடங்களைச் சொல்கிறார். பொழுது விடிகிற வரைக்கும் மூவரும் அங்கேயே இருக்கிறார்கள்.

'தி பாத்' குறையில்லாத கதை. ஆனால் அதை எழுதியவனுக்கு மனிதர்மேல் நம்பிக்கை இல்லை. மற்றதை எழுதியவனுக்கு இருக்கிறது. நான் ரொட்டியின் பக்கம். இந்த வடிவத்தை கார்வர் தானே 1983-ல் 'கதீட்ரல்' தொகுப்பில் சேர்த்தார், அதே ஆண்டு ஓ. ஹென்றி முதல் பரிசும் கிடைத்தது. ஆனால் லிஷ் தொட்டதெல்லாம் கெட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வீட்டுச் சாமான்களையெல்லாம் வாசலில் பரப்பி வைத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருக்கும் மனிதனின் கதையை ('வொய் டோன்ட் யூ டான்ஸ்?') இரண்டு வடிவத்திலும் படித்துப் பாருங்கள். எனக்கு அங்கே பெரிய நஷ்டம் தெரியவில்லை.

அவர் 'மினிமலிஸ்ட்' (மிகக் குறைந்த சொற்களில் எழுதுபவர்) தானே?

அந்தச் சொல் அவருக்குப் பிடிக்காது. கஞ்சத்தனம் என்பதுபோல் ஒலிக்கிறது என்று நினைத்தார். 1983-ல் 'கிராண்டா' இதழ் கார்வரையும் இன்னும் சிலரையும் சேர்த்து 'டர்ட்டி ரியலிசம்' என்று இன்னொரு முத்திரை குத்தியது. முத்திரைகள் தேர்வு எழுதுபவர்களுக்கு உதவும்.

சுருக்கத்துக்கு மூன்றாவது பதில் இங்கே வருகிறது: அவருடைய சொந்த விருப்பமும்தான். ஒரு கதைக்குப் பத்துப் பன்னிரண்டு வரைவுக்குக் குறைந்து எழுதியதில்லை, இருபது முப்பது வரைக்கும் போனதுண்டு என்று சொல்லியிருக்கிறார். முற்றுப்புள்ளியை எங்கே வைப்பது என்பதைப் பற்றி ரஷ்ய எழுத்தாளர் ஐசக் பேபல் எழுதியதைக் கொண்டாடியவர். வித்தை காட்டுவது அவருக்கு ஆகாது. நேரமில்லாத காலத்தில் பழகிய கை, நேரம் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆனால் சுருக்கம் என்றால் அவருக்குப் பதினைந்து சொல், ஐந்து அல்ல.

கதைகளில் ஒன்றுமே நடப்பதில்லையே?

முதல் தடவை படித்தபோது எனக்கும் இதே எரிச்சல்தான். 'என்னய்யா, முடிஞ்சிடுச்சா?' என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

'நெய்பர்ஸ்' கதையை எடுத்துக்கொள்வோம். எதிர்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகிறார்கள். பூனைக்குச் சோறு வைக்கவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் சாவியை மில்லர் தம்பதியிடம் கொடுக்கிறார்கள். பில் மில்லர் உள்ளே போகிறான், மருந்து அலமாரியைத் திறந்து பார்க்கிறான், அவர்கள் மதுவில் ஒரு மிடறு குடிக்கிறான், கட்டிலில் படுக்கிறான், எதிர்வீட்டுக்காரரின் உடுப்பை மட்டுமில்லை, அவர் மனைவியின் உடுப்பையும் போட்டுப் பார்க்கிறான். ஆர்லீனும் தனியாகப் போய்வந்து முகம் சிவந்து நிற்கிறாள். கடைசியில் சாவி உள்ளே மாட்டிக்கொண்டு கதவு பூட்டிக்கொள்கிறது. இருவரும் தாழ்வாரத்தில் அந்தக் கதவின்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள், காற்றடிப்பதுபோல.

நம்மிடம் இல்லாத ஒரு வாழ்க்கையை எதிர்வீட்டில் போய்த் திருடி உடுத்திக்கொள்ளும் ஆசை, அதிலிருந்து துரத்தப்படும் பயம். இவ்வளவும் நடந்திருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'கதீட்ரல்' பற்றி எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பேச வேண்டிய கதைதான். மனைவியின் பழைய நண்பர், பார்வையில்லாதவர், வீட்டுக்கு வருகிறார். கதைசொல்லிக்கு அவரைக் கண்டாலே பொறாமையும் எகத்தாளமும். மனைவி சோபாவில் தூங்கிவிட, டிவியில் தேவாலயங்களைப் பற்றிய நிகழ்ச்சி ஓடுகிறது. கதீட்ரல் என்றால் எப்படி இருக்கும் என்று விருந்தாளி கேட்கிறார். சொல்ல வரவில்லை. அப்போது அவர் கெட்டியான தாள் கொண்டுவரச் சொல்கிறார். கடைக்குப் போன காகிதப் பையின் சுருக்கத்தை நீவி டீ மேசைமேல் விரித்து, இவன் பேனாவால் வரைய, இவன் கைமேல் அவர் கை. கண்ணை மூடிக்கொண்டு வரை என்கிறார். வரைந்து முடித்தும் இவன் கண்ணைத் திறக்கவில்லை.

டெஸ் கல்லகருக்குத் தெரிந்த பார்வையற்ற நண்பர் ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்து தங்கியதுதான் கதைக்கு வித்து. டெஸ் யாரென்றால் கவிஞர். 1977 நவம்பரில் ஒரு எழுத்தாளர் கூட்டத்தில் சந்தித்து, 1979 முதல் கார்வரோடு வாழ்ந்தவர். அதே சம்பவத்தை வைத்து அவரும் ஒரு கதை எழுதினார். கார்வரின் கதை மாதிரி அது பிரபலமாகவில்லை.

இந்தத் தொகுப்பு வருவதற்கு முன்னாலேயே, முன்போல வெட்டக்கூடாது என்று லிஷிடம் கார்வர் உறுதியாகச் சொல்லிவிட்டார். 1980-ல் இல்லாத தெம்பு வந்துவிட்டது.

பணக்கஷ்டம் எப்போது தீர்ந்தது?

1980 முதல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1983-ல் அமெரிக்கக் கலை இலக்கிய அகாதமியின் ஸ்ட்ராஸ் விருது: வருடத்துக்கு 35,000 டாலர், ஐந்து வருடம். நிபந்தனை ஒன்றே ஒன்று, வேறு வேலை பார்க்கக் கூடாது. மறுபேச்சில்லாமல் ராஜினாமா செய்தார்.

இப்போது நாவல் எழுதுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் டெஸ்ஸின் சொந்த ஊரான போர்ட் ஏஞ்சலஸுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு கவிதையாக எழுதிக் குவித்தார். நேரமில்லாததால்தான் சின்னதாக எழுதினேன் என்றவர், நேரம் வந்ததும் இன்னும் சின்னதுக்குப் போனார்! அந்தக் கவிதைகளை விமர்சகர்கள் கதைகள் அளவுக்கு மதிக்கவில்லை. பாதி நியாயம்தான். தட்டையானவை உண்டு. ஆனால் மீன், ஆறு, அப்பா என்று வரும்போது கைவிடாது.

முரகாமிக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமிதான் இவரை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனவர். ஒன்றிரண்டு கதையல்ல, எழுதியது அனைத்தையும் மொழிபெயர்த்தார். 1984 கோடையில் போர்ட் ஏஞ்சலஸ் வீட்டுக்குப் போய்ச் சந்தித்தார். கார்வர் அந்தச் சந்திப்பை வைத்து ஒரு கவிதை எழுதி முரகாமிக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். கார்வர் ஆறடிக்கு மேல் உயரம், கனத்த உடம்பு. அவர் ஜப்பான் வருவதாக இருந்தபோது, முரகாமி தன் வீட்டில் அவர் அளவுக்குப் பெரிய கட்டில் ஒன்று செய்யச் சொன்னாராம். அந்தப் பயணம் நடக்கவில்லை.

சினிமா?

ராபர்ட் ஆல்ட்மனின் 'ஷார்ட் கட்ஸ்' (1993) பார்க்கலாம். ஒன்பது கதை, ஒரு கவிதை, எல்லாவற்றையும் லாஸ் ஏஞ்சலஸில் கொண்டுபோய்ப் பின்னியிருப்பார். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. நல்ல படம், ஆனால் ஆல்ட்மனின் கிண்டல் கார்வரிடம் கிடையாது. 'பேர்ட்மேன்' (2014) படத்தின் நாயகன் மேடையேற்றப் பாடுபடுவது கார்வர் கதையைத்தான்.

செகாவைப் பற்றிய கதை?

'எரண்ட்'. 1987 ஜூனில் 'நியூயார்க்கர்' வெளியிட்டது. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1904-ல் ஜெர்மனியின் பாடன்வைலரில் ஒரு ஓட்டல் அறையில் காசநோயால் இறக்கும் இரவு. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்த டாக்டர் ஷாம்பெய்ன் வரவழைக்கிறார். இதெல்லாம் வரலாறு. ஷாம்பெய்ன் கொண்டுவரும் இளம் பணியாள் கார்வரின் கற்பனை. காலையில் செகாவின் மனைவி அவனிடம் ஒரு வேலை சொல்கிறார். அவன் கண்ணோ தரையில் கிடக்கும் கார்க்கின்மேல் இருக்கிறது. மரண வீட்டில் ஒரு கார்க்கைக் குனிந்து எடுப்பது எப்படி என்ற யோசனையில் முடிகிறது கதை.

நுரையீரல் நோயில் இறக்கும் எழுத்தாளனைப் பற்றி அவர் இதை எழுதி முடித்து, அச்சாகிச் சில மாதங்களில், அவருக்கே நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது.

கடைசி மாதங்கள்?

1987 அக்டோபரில் இடது நுரையீரலின் பெரும்பகுதியை எடுத்தார்கள். அடுத்த மார்ச்சில் மூளைக்குப் பரவியது. 1988 ஜூன் 17 ரீனோவில் டெஸ்ஸைத் திருமணம் செய்துகொண்டார். கடைசிக் கவிதைத் தொகுப்பை இருவரும் சேர்ந்து முடித்தார்கள், செகாவின் வரிகளை நடுநடுவே கவிதைபோல் அடுக்கி. ஆகஸ்ட் 2 காலமானார்.

அந்தக் காலத்துக் கவிதை ஒன்றில், குடியை விட்ட பிறகு கிடைத்த பத்துச் சொச்சம் வருடங்கள் எல்லாம் தனக்குக் 'கிரேவி' என்கிறார். குழம்பு என்று மொழிபெயர்த்தால் அபத்தம். நம்மிடம் அதற்கென்றே செய்துவைத்ததுபோல் ஒரு சொல் இருக்கிறது: கொசுறு.

எதிலிருந்து தொடங்கலாம்?

'கதீட்ரல்' தொகுப்பு. பிறகு 1988-ல் அவரே தேர்ந்தெடுத்த 'வேர் ஐ'ம் காலிங் ஃப்ரம்'. 1981 தொகுப்பையும் 'பிகினர்ஸ்' நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது மூன்றாவதாக. எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடசாலை கிடையாது.

தமிழில் படித்தால் போதுமா?

அவர் கதைகள் தமிழில் வந்திருக்கின்றன, தாராளமாகப் படிக்கலாம். மூலமும் கடினமான ஆங்கிலம் இல்லை, பள்ளி ஆங்கிலம் போதும்.

மொழிபெயர்ப்பதுதான் கடினம். இரண்டு இடத்தில் கை நிற்கும். ஒன்று, அவர் பாத்திரங்கள் எல்லோரும் 'சொன்னான்', 'சொன்னாள்' மட்டும்தான். நம் கை தானாக 'வினவினான்', 'முணுமுணுத்தாள்' என்று அலங்காரம் பண்ணப் பார்க்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

மற்றது நீ, நீங்கள். ஆங்கிலத்தில் அவருக்கு அந்தக் கவலையே இல்லை, எல்லோருக்கும் ஒரே சொல். நாம் ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். அந்தப் பேக்கரிக்குள் பெண்டாட்டி கத்தும்போது அந்த ஆளை நீ என்பாளா, நீங்கள் என்பாளா? நீ என்றுதான் என் காதில் விழுகிறது. அந்த ஆள் மன்னிப்புக் கேட்டு ரொட்டியை எடுத்து வைத்த பிறகு அவள் எந்த இடத்தில் நீங்களுக்கு மாறுகிறாள்? முதல் துண்டைப் பிட்டு வாயில் போட்ட பிறகா, இல்லை மூன்றாவது ரொட்டிக்குப் பிறகா? மூலத்தில் அதற்கு ஒரு தடயமும் கிடையாது.